முதல் முடி

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பையை மடியில வச்சுக்கிறேன். இல்ல இல்ல, புள்ளைய எழுப்பாதீங்க, தூங்கட்டும். பையன்தானே? நல்லாத் தூங்குறான். அது என்ன, காதுக்குப் பின்னாடி மாட்டி, மண்டையில வட்டமா ஒட்டியிருக்கே... சொல்லாதீங்க, எனக்குத் தெரியும். காது கேக்குறதுக்கு வைக்கிற காக்ளியர் மிஷின். இந்த பஸ்ஸுல வேற யாரைக் கேட்டாலும் ஏதோ போன் சாமான்னு சொல்லுவான். எனக்குத் தெரியும். எங்க குடும்பத்துலயும் ஒரு புள்ளைக்கு இருக்கு. கூடப்பிறந்த தம்பி மக. கனிஷ்கான்னு பேரு. அதோடது கறுப்பு கலரு.

அந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் நடந்ததுல எனக்கும் பங்கு இருக்குன்னு சொன்னா ஊருல எவனும் ஒத்துக்க மாட்டான். நடக்காமப் போயிருந்தா மட்டும் எல்லாப் பயலும் என்னையத்தான் கையைக் காட்டியிருப்பான். மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு. நீங்க வெளியாளு, நியாயமாச் சொல்லுவீங்க.

என் பேரு அய்யாச்சாமி. சாத்தூருக்குக் கிழக்க ஒரு கிராமம். உரக்கடை வச்சிருக்கேன். என் தம்பி பேரு கொண்டல்சாமி, லோடு ஆட்டோ ஓட்டுறான். எனக்கும் அவனுக்கும் ரொம்ப வயசு வித்தியாசம். இடுப்புல தூக்கி வளர்த்த பய. ரெண்டு பேரும் ஒரே தெரு, எதிரும் புதிருமா வீடு.

கனிஷ்கா பொறந்தப்பவே பெரும்பாடு. மாசம் நிறையாமப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. டாக்டரு கையை விரிச்சுட்டாரு. தம்பி பொண்டாட்டி மாரிக்கனி, பாவம், ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டே எங்க குலசாமிக்கு நேர்ந்துக்கிச்சு. ஓடைக்கரை அய்யனாரு. 'புள்ளையக் குடுத்துரு சாமி, முதல் முடியை உன் வாசல்ல வந்து எறக்குறேன், அதுவரைக்கும் கத்தி படாது'ன்னு. சாமி குடுத்துருச்சு. ஒரு வயசுல எறக்கியிருக்கணும். அந்த வருஷம் எங்கப்பா தவறிட்டாரு. அதுக்கடுத்து கோயில் திருப்பணி. அதுக்கடுத்த வருஷம் பார்த்தா மணிப் பிரச்சினை வந்துருச்சு.

மணிப் பிரச்சினைன்னா, தம்பியோட மாமனாரு கோயிலுக்கு ஒரு வெண்கல மணி செஞ்சு குடுத்தாரு. குடுக்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனா மணியைச் சுத்தி 'உபயம்'னு போட்டு அந்தாளு பேரு, அந்தாளு ஊரு, எல்லாம் வெட்டி வச்சிருக்கு. எங்க கோயிலு தம்பி, எங்க பங்காளிக கும்பிடுற கோயிலு. சம்பந்தக்காரன் பேரை எங்க சாமி தலைக்கு மேல தொங்க விடுறதா? நான் கறுப்பு பெயிண்ட்டை எடுத்து அடிச்சு மறைச்சுட்டேன். யாரையும் ஒரு வார்த்தை வையல. அடிச்சேன், வந்துட்டேன். கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு அம்புட்டு சனத்துக்கு முன்னாடி என் தம்பி துணியில மண்ணெண்ணெயைத் தொட்டு அதைத் துடைக்கிறான். துடைச்சுக்கிட்டே சொல்றான், 'அண்ணே, நீ சாமிக்கு அண்ணன் இல்ல, எனக்குத்தான் அண்ணன்'னு. கூட்டம் சிரிக்குது. இடுப்புல தூக்கி வளர்த்த பய!

அன்னைக்கு சாயங்காலமே கோயில் கிரில் கேட்டைப் பூட்டிட்டேன். மூத்தவன்கிட்டதான் சாவி இருக்கணும்கிறது எங்க வழக்கம். இந்தா, இங்கதான் இருக்கு, அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதும் கழட்டுறதில்ல. விளக்குப் போட மட்டும் வாராவாரம் நான் போய்த் திறப்பேன், போட்டுட்டுப் பூட்டிருவேன். என் தம்பி வந்து முறைப்படி தாம்பூலத் தட்டோட என் வாசல்ல நின்னு, 'அண்ணே வாங்க, கோயிலைத் திறங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அம்புட்டுத்தான் நான் கேட்டது. அது என்ன உலகத்துல இல்லாததா?

அந்தக் கொடையில நடந்தது ஒண்ணு சொல்லணும். கனிஷ்கா அவங்கம்மா இடுப்புல இருந்துக்கிட்டு அந்த மணி மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டே இருந்துச்சு. மணியை அடிக்க அடிக்க அதுக்கு ஒரே சிரிப்பு. பொம்பளைக எல்லாம் சொன்னாங்க, 'பாருங்களேன், புள்ளைக்கு மணிச் சத்தம்னா எம்புட்டு இஷ்டம்'னு. நானுந்தான் சொன்னேன்.

பேச்சு வரலைன்னு மாரிக்கனி அப்பப்ப அழுகும். நான்தான் தைரியம் சொல்லுவேன். எங்க வம்சத்துல எல்லாருக்கும் பேச்சு மெதுவாத்தான் வரும். நானே நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலையாம். இப்ப என்னைய நிறுத்தச் சொல்லுங்க பார்ப்போம்! சிரிங்க தம்பி, சும்மா சிரிங்க. எல்லாரும் அன்னைக்குச் சிரிச்சாங்க. அந்தப் புள்ளையும் என் மீசையைப் பிடிச்சு இழுத்துச் சிரிச்சுச்சு. கூப்பிட்டா திரும்புதான்னு கேட்டா, திரும்புதுன்னுதான் எல்லாரும் சொன்னோம். காலைத் தரையில தட்டிக் கூப்பிடுவோம், திரும்பும். கதவைச் சாத்தினா திரும்பும். காது கேக்கலைன்னு எவன் நினைப்பான்?

அப்பத்தான் அந்த டீச்சர் வந்துச்சு. செலின்னு பேரு. காது கேக்காத புள்ளைகளைத் தேடித் தேடி ஊர் ஊராப் போற வேலை. அங்கன்வாடியில யாரோ சொல்லி விட்டிருக்காங்க. ஸ்கூட்டியை நிறுத்திட்டு நேரா தம்பி வீட்டுக்குள்ள போயிருச்சு. கனிஷ்கா தரையில உக்காந்து தீப்பெட்டியை அடுக்கி விளையாடிக்கிட்டு இருக்கு. டீச்சர் பின்னாடி போய் நின்னுச்சு, நிழல் விழாம, காலைத் தரையில தட்டாம. பையில இருந்து ஒரு விசிலை எடுத்து ஊதுச்சு பாருங்க, எனக்கே காதைப் பொத்தணும்போல இருந்துச்சு. தெருவுல கிடந்த நாயி எந்திரிச்சுக் குரைக்குது. புள்ள அடுத்த தீப்பெட்டியை எடுத்து வச்சுச்சு.

மாரிக்கனி அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. எனக்குக் கோபம் வந்துருச்சு தம்பி. ஊரான் வீட்டுக்குள்ள விசிலோட வந்து நிக்கிறது என்ன பழக்கம்? 'எங்க வம்சமே அப்படித்தான் டீச்சரம்மா'ன்னேன். அது என்னையப் பார்த்துச்சு. 'அண்ணாச்சி, நீங்க நாலு வயசு வரைக்கும் பேசாம இருந்திருக்கலாம். ஆனா கேட்டுக்கிட்டு இருந்தீங்க'ன்னு சொல்லிட்டு மாரிக்கனி பக்கத்துல போய் உக்காந்துக்கிச்சு.

அதுக்கப்புறம் ஒரே அலைச்சல். விருதுநகர்ல டெஸ்ட்டு, மதுரையில டெஸ்ட்டு. ரெண்டு காதும் கேக்கலைன்னுட்டாங்க. முதல்ல காதுல மாட்டுற மிஷின் குடுத்தாங்க. அதை மாட்டி மாசக்கணக்குல பழக்கணுமாம். டீச்சர் மாரிக்கனிகிட்ட, நாள் முழுக்கப் புள்ளைகிட்டப் பேசிக்கிட்டே இருங்கன்னு சொல்லிருச்சு. அந்தப் புள்ளையும், நான் மாரிக்கனியச் சொல்றேன், காலையில இருந்து 'இது கத்திரிக்கா, கத்திரிக்காயை அம்மா நறுக்குறேன், இது காம்பு, காம்பைத் தூக்கிப் போடுறேன்'னு ஒரே பேச்சு. எதிர்வீட்டுல இருக்கிற எனக்குத் தலைவலி. பைத்தியம் பிடிச்சுருமோன்னு நினைச்சேன். மிஷினும் பெருசாப் பிரயோஜனப்படல. ஆபரேஷன்தான் வழின்னு சொல்லிட்டாங்க.

இந்த இடத்துலதான் என் பேருல ஒரு பழி. சாமி குத்தம்னு நான் சொன்னேனாம். கடையில நாலு பேரு உக்காந்திருக்கும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னேன். 'மணியில மாமனார் பேரைத் தொங்க விட்டான், சாமி இவன் மக காதை அடைச்சுருச்சு'ன்னேன். சொன்னதுதான். பேச்சுவாக்குல மனுசன் சொல்லக் கூடாதா? அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துருச்சு. அந்த டீச்சர் மறுநாளே ஸ்கூட்டியில வந்து கடை வாசல்ல நிக்குது. 'அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்குப் பிறவியிலேயே கேக்காது. மணி போன வருஷம்தானே கட்டினது'ன்னு கேக்குது. நான் விடல. 'ஏன், சாமிக்கு முன்கூட்டியே தெரியாதா?'ன்னேன். கடையில இருந்தவன் எல்லாம் சிரிச்சுட்டான். அது சிரிக்கல.

என்ன தம்பி, பேசாம வர்றீங்க? தண்ணி குடிக்கிறீங்களா? சரி.

ஆறு வயசு. அதான் விஷயம். உங்களுக்குத் தெரியாததா? ஆறு வயசுக்குள்ளன்னாத்தான் அரசாங்கத்துல இலவசமா நடக்கும். தாண்டுச்சுன்னா சொந்தக் காசு, வீட்டை வித்தாலும் பத்தாது. லோடு ஆட்டோக்காரன் எங்க போவான்? அந்த டீச்சர்தான் இன்சூரன்ஸ் கார்டு, தடுப்பூசி, ஸ்கேன், எல்லாத்துக்கும் கூடவே அலைஞ்சு தேதி வாங்கிக் குடுத்துச்சு. அப்ப கனிஷ்காவுக்கு ஆறு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. தேதியும் வாங்கியாச்சு. ஆஸ்பத்திரியில சொல்றாங்க, காதுக்குப் பின்னாடி முடியைச் சிரைக்கணும்னு.

மாரிக்கனி முடியாதுன்னு சொல்லிருச்சு.

நான் சொல்லல தம்பி. அதைக் கவனிங்க. மாரிக்கனிதான் சொன்னது. நேர்ந்துக்கிட்டவ அவதானே. புள்ளைக்கு முடி இடுப்புக்கு வந்து கிடக்கு, ஒரு தடவைகூடக் கத்தி படல. 'கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்த சாமி. அதுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்காம மயக்க மருந்து குடுத்து மண்டையைத் திறக்க விட்டா, என் புள்ள கண்ணு முழிக்குமா'ன்னு அழுகுது. கொஞ்சூண்டுதான் எடுப்பாங்கன்னு டீச்சர் சொல்லிப் பார்த்துச்சு. கொஞ்சம்னாலும் முதல் முடி முதல் முடிதானே? அதுல மாரிக்கனி சொன்னதுதான் நியாயம். வேற கோயில்ல எறக்கவும் முடியாது, நேர்ந்தது எங்க அய்யனாருக்கு. அய்யனாரு கேட்டோட சாவி என் இடுப்புல.

சரி, கேக்க வருவான்னு நானும் காத்திருந்தேன். வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? என் கடை வாசல்ல ஆட்டோவை நிறுத்தி, இஞ்சினை அணைக்கல. கீழ எறங்கல. உள்ள உக்காந்துக்கிட்டே, 'அண்ணே, சாவியக் குடு'ங்குறான். தட்டு இல்ல, வெத்தலை இல்ல, ஒரு கும்பிடு இல்ல. நான் மேல நிமிர்ந்தே பார்க்கல. யூரியா மூட்டையை எண்ணிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் இஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் போயிட்டான். அன்னைக்கு அவன் ஒரு நிமிஷம் எறங்கியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு காலைத் தரையில வச்சிருந்தாக்கூடப் போதும்.

அவன் ஊருல என்ன சொன்னானாம்? 'என் புள்ளையைச் சாமி குத்தம்னு சொன்ன வாசல்ல நான் தட்டோட நிக்க மாட்டேன்'னு சொன்னானாம். சொந்த மகளை விட ரோஷம் பெருசு அவனுக்கு. அதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

அந்தத் தேதி அப்படியே போச்சு. டீச்சர் ஆஸ்பத்திரியில போய்க் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தேதி வாங்கிட்டு வந்துச்சு. அதுதான் கடைசி. அதை விட்டா பிறந்தநாள் தாண்டிரும். அதைச் சொல்லத்தான் மாரிக்கனியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துச்சு.

நான் மரியாதை குறைச்சலா நடந்துக்கல. நாற்காலி போடச் சொன்னேன். என் வீட்டுக்காரி சந்திரா காபி கொண்டாந்து குடுத்துச்சு. யாரும் குடிக்கல. டீச்சர் பேச ஆரம்பிச்சது. இந்த வயசுக்குள்ள காதுக்குச் சத்தம் போகலைன்னா அப்புறம் பேச்சு பிடிபடுறது எம்புட்டு கஷ்டம்னு, என்னென்னவோ சொல்லுச்சு. முடிவுல, 'ஒரு பூட்டு அண்ணாச்சி. ஒரு பூட்டைத் திறக்கிறதுக்கு ஒரு புள்ளையோட வாழ்க்கையை நிறுத்தி வச்சிருக்கீங்க'ன்னுச்சு. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. 'டீச்சரம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க குலசாமி வழக்கம் உங்களுக்குப் புரியாது'ன்னேன். 'புரியாதுதான். அதனாலதான் கோயிலைப் பத்தி நான் பேசல, சாவியப் பத்தி மட்டும் கேக்குறேன்'ங்குது. நாக்கு இருக்கு பாருங்க!

தாசில்தாரைப் பார்த்து மனு குடுத்துத் திறக்க வைப்பேன்னும் சொல்லுச்சு. அதுக்கு மாரிக்கனியே, 'வேண்டாம் டீச்சர், போலீஸ் வந்து திறந்த வாசல்ல என் புள்ள முடியை எறக்க மாட்டேன்'னு சொல்லிருச்சு. அதுக்குத் தெரியுது முறை. சொல்லிட்டு டக்குன்னு என் கால்ல விழுக வந்துச்சு. நான் விடல. பின்னாடி நகர்ந்துட்டேன். 'அத்தான், உங்க தம்பிக்காக நான் விழுகுறேன்'னு அழுகுது. 'நீ விழுக வேண்டாம்மா, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவனை வரச் சொல்லு, அவன் விழுகக்கூட வேண்டாம், தட்டோட வந்து நின்னாப் போதும்'னு சொன்னேன். எம்புட்டு தன்மையாச் சொன்னேன்! சந்திரா அடுப்படி வாசல்ல நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு.

இந்தக் களேபரத்துல கனிஷ்கா எந்திரிச்சு என்கிட்ட வந்துச்சு. என் முகத்தைப் பார்த்துச்சு, இடுப்பைப் பார்த்துச்சு, அப்புறம் வலது கையை விரிச்சு எனக்கு முன்னாடி நீட்டுச்சு. அப்படியே நீட்டிக்கிட்டு நிக்குது. எனக்குப் பாவமாப் போச்சு தம்பி. சின்னப் புள்ள, மத்தியானத்துல இருந்து இவங்களோட அலையுது, பசி போலன்னு நினைச்சு அலமாரியில இருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அந்தக் கையில வச்சேன். அது பாக்கெட்டைப் பார்த்துச்சு. நாற்காலி மேல வச்சுட்டு மறுபடி கையை நீட்டுச்சு. பிடிவாதக்காரப் புள்ள, அப்படியே அதோட அப்பன். டீச்சர் அதோட தோளைப் பிடிச்சு மெதுவாத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருச்சு.

அவங்க போனதும் சந்திரா பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மறுபடி அலமாரியில வச்சது. அன்னைக்குக் காபி டம்ளரைக் கழுவப் போட்டதுல இருந்து அவ என்கிட்டப் பேசுறதில்ல. சோறு வைப்பா, துணி துவைப்பா, பேச்சு கிடையாது. ரெண்டு வருஷம் ஆகப் போகுது. பொம்பளை ரோஷம். சரியாகிரும்.

ஆஸ்பத்திரியில படுக்கச் சொன்ன நாளுக்கு முதல் நாள். காலையில கடையைத் திறந்து தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன். ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வந்தவன் சொல்றான், 'அய்யாச்சாமி அண்ணே, அய்யனார் கோயில்ல உங்க ஆளுக நிக்கிறாங்க'ன்னு. பூட்டை உடைக்கப் போறான்னு நினைச்சேன். கடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன். இந்த வயசுல ஓடைக்கரை வரைக்கும் ஓடினேன் தம்பி, இடுப்புல சாவி குலுங்கக் குலுங்க.

பூட்டு பூட்டுன மாதிரியே இருந்துச்சு. யாரும் கை வைக்கல. கேட்டுக்கு வெளிய, பூட்டுக்கு நேர் கீழ, ஒரு பலகையைப் போட்டு உக்காந்திருக்காங்க. யாரு? என் பொண்டாட்டி. என் பொண்டாட்டி சந்திரா உக்காந்திருக்கா, அவ மடியில கனிஷ்கா. மாரிக்கனி கையில கத்தி.

எங்க ஊரு முடி எறக்குறவரு வர மாட்டேன்னுட்டாரு. கோயில் பூட்டியிருக்கும்போது மூத்த பங்காளி உத்தரவு இல்லாம எப்படி வர்றதுன்னு சொல்லிட்டாராம். அவரு முறை தெரிஞ்சவரு. அதனால பெத்தவளே கத்தியை எடுத்துட்டா. அதுக்கு முன்னப்பின்னப் பழக்கம் உண்டா? வெங்காயம் நறுக்குன கை. டீச்சர் குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, இன்னொரு கையில தண்ணிச் செம்பு. என் தம்பி தூரத்துல வேலமரத்தடியில ஆட்டோவுக்குப் பின்னாடி திரும்பி நின்னுக்கிட்டு இருக்கான். அவனால பார்க்க முடியல போல.

'நிறுத்து'ன்னு கத்தினேன். சத்தம் போட்டுக் கத்தினேன். மாரிக்கனி கை ஒரு நொடி நின்னுச்சு, கத்தி புள்ளையோட காதுக்கு மேல இருக்கு. வெட்டிருமோ, ரத்தம் வந்துருமோ, ரத்தம் வந்தா ஆபரேஷன் என்னாகும்னு எல்லாம் ஓடுது. கனிஷ்கா அசையல. எல்லாரும் கதிகலங்கி நிக்கிறோம், அது மட்டும் சந்திரா முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. சந்திரா அதோட தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, என் பக்கம் திரும்பாமலே, 'நீ செய்யி மாரி, நான் பிடிச்சுக்கிறேன்'னு சொன்னா. மாரிக்கனி மறுபடி கத்தியை ஓட்டுச்சு.

சாவியக் கையில எடுத்துட்டேன் தம்பி. பொய் சொல்லல. அரைஞாண் கயித்துல இருந்து அவுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். யாராவது ஒருத்தர் திரும்பி, 'திறங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திறந்திருப்பேன். தட்டுகூட வேண்டாம், அந்த நேரத்துல. மாரிக்கனி சொல்லலாம், டீச்சர் சொல்லலாம், கட்டுன பொண்டாட்டி சொல்லலாம். ஒருத்தரும் சொல்லல. நான் ஒருத்தன் அங்க நிக்கிறதே அவங்களுக்குத் தெரியாத மாதிரி வேலையைப் பார்க்கிறாங்க. வலியப் போய் நானே திறந்தா எனக்கு என்ன மரியாதை?

தலை முழுக்க எறக்கி முடிஞ்சதும் மாரிக்கனி அம்புட்டு முடியையும் மஞ்சள் துணியில வாரி, கிரில் கம்பிக்குள்ள கையை விட்டு, எட்டுன மட்டும் உள்ள தள்ளி வச்சுச்சு. சூடத்தை வெளியிலேயே ஏத்தி, பூட்டைத் தொட்டுக் கும்பிட்டாங்க. பூட்டை! டீச்சர் குடையை மடக்கிட்டுத் தள்ளி நின்னுக்கிச்சு. புள்ளையோட மொட்டைத் தலையில மாரிக்கனி சந்தனத்தைத் தடவுச்சு. மூணு இடத்துல லேசாக் கீறல். கீறல்தான், வெட்டு இல்ல. ஆட்டோ கிளம்பிப் போயிருச்சு.

இது யாருக்கு அவமானம், சொல்லுங்க. மூத்த பங்காளி சாவியோட நிக்கிறான், வாசலுக்கு வெளிய முடி எறக்குறாங்க. இந்த வழக்கம் எங்கயாவது உண்டா? அந்த மஞ்சள் துணி இன்னும் உள்ளதான் கிடக்கு. வாராவாரம் விளக்குப் போடப் போறப்ப அதைத் தாண்டித்தான் போறேன். எடுத்துப் போடவும் மனசு வரல, அப்படியே விடவும் மனசு வரல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அது எனக்கும் சந்தோஷம்தான். நான் என்ன ராட்சசனா? கட்டு பிரிச்சு, கொஞ்ச நாள் கழிச்சு மிஷினை மாட்டி ஓட விட்டாங்களாம். முதல் சத்தம் கேட்டதும் புள்ள பயந்து அழுதுருச்சாம். அதெல்லாம் மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுல நடக்கிறதை நான் ஜன்னல் வழியாக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. மறுபடி கத்திரிக்கா, காம்புன்னு ஆரம்பிச்சது. டீச்சர் வாரத்துக்கு ரெண்டு தடவை வரும். சந்திராவும் சாயங்காலமானா அங்கதான். ஒரு விளையாட்டு வச்சிருக்காங்க. ஒருத்தர் மறைவா நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும், அது யாரு குரல்னு புள்ள சொல்லணும். 'அம்மா', 'அப்பா', 'பெரியம்மா', 'டீச்சர்'. சரியாச் சொல்லிட்டா எல்லாரும் கைதட்டணும். அந்தக் கைதட்டு என் வீடு வரைக்கும் கேக்கும்.

போன ஆவணியில எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம், சிவகாசியில ஒரு மண்டபத்துல. ஊரே வந்திருந்துச்சு. பந்தி நடக்குது. மாரிக்கனி, சந்திரா, அந்த டீச்சர், இன்னும் சொந்தக்காரப் பொம்பளைக எல்லாம் வரிசையா உக்காந்து சாப்பிடுறாங்க. கனிஷ்கா நடுவுல. முடி வளர்ந்து தோள் வரைக்கும் வந்திருந்துச்சு, அதுக்குள்ள இந்த மிஷின். நல்லா வளர்ந்துருச்சு புள்ள. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு தம்பி. யாரு கிட்ட கோபமா இருந்தாலும் புள்ள என்ன பண்ணுச்சு? நான் தூண் பக்கமா நின்னுக்கிட்டு, 'கனிஷ்கா'ன்னு கூப்பிட்டேன்.

பந்தியில எம்புட்டு சத்தம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சாம்பார் வாளி, ரசம், நாதஸ்வரம், மைக்கு. அவ்வளவுக்கு நடுவுல அதுக்குக் கேட்டுருச்சு! சோத்துல வச்ச கை அப்படியே நின்னுச்சு. தலையைச் சாய்ச்சுக் கவனிச்சுச்சு, ஆனா இலையை விட்டுக் கண்ணை எடுக்கல. பொறந்ததுல இருந்து அந்தப் புள்ளையைக் கூப்பிட்டிருக்கேன், முதல் தடவையா என் குரல் அது காதுக்குள்ள போயிருக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்க மாட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

மாரிக்கனி என்னையப் பார்த்துச்சு. அம்புட்டு நாளுக்கப்புறம் நேரா என் முகத்தைப் பார்த்துச்சு. கோபமாவும் பார்க்கல, சிரிப்பாவும் பார்க்கல. அப்புறம் புள்ளைகிட்டக் குனிஞ்சு, அந்த விளையாட்டுல கேக்குற மாதிரியே கேட்டுச்சு, 'யாரு கூப்பிட்டாங்க கனிஷ்கா? யாரு குரலு?'

புள்ள யோசிச்சுச்சு. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, நல்லா யோசிச்சுச்சு. நான் வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கேன். பெரியப்பான்னு சொல்லும், பெரிய வார்த்தை, முழுசா வராட்டியும் 'பெயப்பா'ன்னாவது சொல்லும்னு நிக்கிறேன்.

'தெரியாது'ன்னு சொல்லுச்சு.

அம்புட்டுத் தெளிவு தம்பி. ஒரு எழுத்து பிசகல. 'தெரியாது.' அந்த டீச்சருக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. 'இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் முதல்ல சொல்றா, நாங்க சொல்லிக் குடுக்கவே இல்ல, அவளாப் பிடிச்சுக்கிட்டா'ன்னு கத்துது. மாரிக்கனி எச்சிக் கையோட புள்ளையக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்குது. சந்திரா அழுகுறா. வரிசையில இருந்த அம்புட்டுப் பேரும் கைதட்டுறாங்க, பரிமாறுறவன்கூட வாளியைக் கீழ வச்சுட்டுத் தட்டுறான்.

நானும் தட்டினேன் தம்பி. தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எல்லாரும் நிறுத்துன பிறகும் தட்டிக்கிட்டே இருந்தேன்.